அறுபதுக்கு மேல் அறுநூறு கிலோமீட்டர்: உங்களுக்குத் தெரியுமா?

வயது ஏற ஏற முதலில் குறைவது வேகம். தூரம் அத்தனை சீக்கிரம் குறைவதில்லை. உலகெங்கும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் நரைத்த தலைகள் இவ்வளவு தென்படுவதற்கு அதுதான் காரணம். இந்த முறைத் தகவல்கள் எல்லாம் அந்தத் தலைகளைப் பற்றித்தான்.

● டூர் டி பிரான்ஸை வென்றவர்களிலேயே மூத்தவர் பெல்ஜியத்துக்காரர் ஃபிர்மான் லாம்போ. 1922-ல் வென்றபோது அவருக்கு வயது 36. நூறாண்டு கடந்தும் அந்தச் சாதனையை யாரும் அசைக்கவில்லை. ஆனால் 'யார் முதலில்' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்' என்று விதியை மாற்றிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் 36 வயதுக்காரர் சின்னப் பையன்!

● அப்படி விதி மாற்றிய பயணங்களுக்கு 'பிரெவே' என்று பெயர். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40, 1,200-க்கு 90. டீ, சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கும். நீங்கள் படுத்தாலும் கடிகாரம் படுக்காது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 13 முதல் 15 கிலோமீட்டர்தான் வரும். மளிகைக் கடைக்குப் போகிற வேகம். அதே வேகத்தில் விடிய விடியப் போக முடியுமா என்பதுதான் பரீட்சை.

● சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் தப்பு! வழியில் பயண அட்டையில் முத்திரை போடும் சோதனை மையங்களுக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டும் உண்டு. 200 கிலோமீட்டர் பிரெவேயை 5 மணி 53 நிமிடத்துக்கு முன்னால் முடித்தால் செல்லாது. கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் முதல் ஆளாக வந்தவருக்கும் ஒரே மதிப்புதான். ரேங்க் பட்டியல் கிடையாது. தாத்தாவும் பேரனும் ஒரே அட்டையில் ஒரே முத்திரை வாங்கும் விளையாட்டுகள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

● இந்தப் பயணங்களுக்கெல்லாம் தாய்வீடு பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ். தலைநகரிலிருந்து அட்லாண்டிக் கரையிலுள்ள ப்ரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்புவது, 1,200 கிலோமீட்டர். 1891-ல் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் தன் பத்திரிகைக்காக இதைப் போட்டியாகத் தொடங்கினார். வென்றவர் சார்ல் டெரோன், 71 மணி 22 நிமிடத்தில். அவருக்கு அப்போது 34 வயது. கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் காற்று டயர் அவருடைய சைக்கிளில் இருந்தது. மிஷெலின் கம்பெனி பெரியதாக வளர அந்த வெற்றி நல்ல விளம்பரம்.

● பத்தாண்டு கழித்து, 1901-ல், அடுத்த ஓட்டம். வென்றவர் மொரீஸ் கரான், 52 மணி 11 நிமிடம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதல் டூர் டி பிரான்ஸையும் வென்றவர் இவர்தான். எல்லாப் புத்தகங்களும் இவரைச் சொல்லும். அதே சாலையில் ரோசியேர் என்ற 65 வயதுக்காரரும் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் பாரிஸ் திரும்ப 200 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது, எட்டு நாளுக்கும் அதிகம். எனக்கென்னவோ கரானைவிட ரோசியேர்தான் முக்கியமானவராகப் படுகிறார். இன்று அந்தப் பயணத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கானோர் அவருடைய வாரிசுகள்தாமே!

● 1931-ல் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஹூபர்ட் ஆப்பர்மேன். மழையிலும் எதிர்காற்றிலும் 49 மணி 23 நிமிடம். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார், குடிவரவுத் துறை அமைச்சரானார், 'சர்' பட்டமும் வாங்கினார். சைக்கிளை மட்டும் விடவில்லை. 90 வயது வரை சாலையில் ஓட்டினார். இனிமேல் ரோட்டுக்குப் போக வேண்டாம் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வீட்டுக்குள் உடற்பயிற்சி சைக்கிளுக்கு மாறினார். 1996-ல், 91 வயதில், அதில் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் உயிர் பிரிந்தது.

● அந்தப் பயணத்தின் பெயரில் ஒரு கேக்கே இருக்கிறது. 1910-ல் லூயி துரான் என்ற பேக்கரிக்காரர் செய்தது. சைக்கிள் சக்கரம் போல வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். உள்ளே பாதாம், ஹேசல்நட் கொட்டைகளை அரைத்துச் சேர்த்த கிரீம். ஓட்டிக் களைத்தவருக்கு வேண்டிய கலோரி தாராளமாக உண்டு. ஓட்டாதவர் யோசித்துச் சாப்பிடலாம்.

● வழியோரக் கிராமத்தார் இரவெல்லாம் வாசலில் மேசை போட்டுக் காபியும் தோசை மாதிரியான 'க்ரேப்'பும் கொடுப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஓர் ஊரில் ஒரு குடும்பம் கேட்ட கூலி வேறு: ஊர் திரும்பியதும் உங்கள் நாட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டை போடுங்கள், போதும்.

● மொத்தப் பாதையிலும் பெரிய மலை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஏறி இறங்கும் சின்னச் சின்ன மேடுகளைக் கூட்டினால் 11,000 மீட்டரைத் தாண்டும். எவரெஸ்டின் உயரத்தைவிட அதிகம்!

● மேடு என்றதும் கியர் நினைவுக்கு வரும். 1902-ல் ஆன்ரி டெக்ரான்ஜ் எழுதினார்: பல கியர்களெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், மற்றவர்கள் தசை பலத்தால் ஜெயிப்பதே அழகு என்று. கியர் வைத்த சைக்கிளில் வந்த மார்த் ஹெஸ் என்ற பெண், ஒற்றை கியரில் வந்த ஒரு தேர்ந்த பந்தய வீரரைச் சோதனை ஓட்டத்தில் பின்னுக்குத் தள்ளிய நேரம் அது. டெக்ரான்ஜ் சாதாரண ஆள் இல்லை, அடுத்த ஆண்டே டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவர். எழுதும்போது அவருக்கு வயது 37. அந்தத் திமிர் தெரிகிறதல்லவா? பந்தயத்தை அவர் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளுக்குக் கொண்டுபோனபோதும் கியருக்குத் தடைதான். செங்குத்தான இடங்களில் வீரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் டெரெய்லர் கியருக்கு அனுமதி கிடைத்தது.

● அந்த 35 ஆண்டும் கியரைக் காப்பாற்றி வளர்த்தவர்கள் பந்தயக்காரர்கள் அல்ல, சும்மா ஊர் சுற்றியவர்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் சேன்ட்-எத்தியேன் நகரத்துப் பால் டி விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். கியர்களைத் தானே சோதித்துப் பார்த்தார், மலைகளில் நாள்கணக்கில் சுற்றினார், மாமிசம் தொடமாட்டார். பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகத்துக்கு முன்னே குடி, சாப்பாடும் தூக்கமும் வராத அளவுக்குக் களைக்காதே, வீம்புக்காக மிதிக்காதே என்ற பொருளில் அவர் சொல்லிவைத்த யோசனைகளைத்தான் இன்றைய பயிற்சியாளர்களும் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். 1930-ல், 76 வயதில், டிராம் மோதி இறந்தார். அவர் நினைவாக 1947 முதல் ஈஸ்டர்தோறும் 24 மணி நேரக் குழுப் பயணம் நடக்கிறது. குறைந்தது 360 கிலோமீட்டர் போக வேண்டும்.

● கியரை வேண்டாம் என்றவர்களும் உண்டு. அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் தன்னந்தனியாக ஐரோப்பாவிலிருந்து டெல்லிக்கு சைக்கிளில் வந்தபோது, வழியில் ரிப்பேர் ஆகும் என்று கியரைக் கழற்றிவிட்டே கிளம்பினார். அப்போது வயது 31. அறுபதைத் தொட்டபோதும் அடங்கவில்லை. கென்யாவிலிருந்து ஜிம்பாப்வே வரை சைக்கிளிலேயே போய் அதையும் புத்தகமாக எழுதினார். 2022-ல் 90 வயதில் காலமானார்.

● சரி, இந்த வரிசையில் பெரியவர் யார்? சந்தேகமே வேண்டாம், பிரான்சின் ரொபேர் மர்ஷான். 1911-ல் பிறந்தவர். உயரம் ஐந்தடிதான். நீ குள்ளம், சைக்கிளில் தேறமாட்டாய் என்று இளவயதில் ஒரு பயிற்சியாளர் சொல்லிவிட்டார். பாரிசில் தீயணைப்பு வீரர், வெனிசுலாவில் பிழைப்பு, கனடாவில் மரம் வெட்டும் வேலை என்று உலகத்தைச் சுற்றிவிட்டு, தன் அறுபது வயதுகளின் பிற்பாதியில்தான் மறுபடி சைக்கிளில் முறையாக ஏறினார். 1992-ல், எண்பது வயதில், பாரிசிலிருந்து மாஸ்கோவுக்கு ஓட்டிப் போனார். 2012-ல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை. 2014-ல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். ஆம், நூறைவிட நூற்றிரண்டில் வேகம் கூடிவிட்டது!

அது எப்படி என்று வெரோனிக் பிய்யா என்ற உடலியங்கியல் பேராசிரியர் ஆராய்ந்தார். 101 வயதில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மர்ஷானுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக, மீதி ஒரு பங்கு மூச்சு வாங்க. முடிவில் உடல் உள்வாங்கக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆக உயர்ந்திருந்தது. அதாவது 13 சதவீதம். மிதிக்கும் உச்ச சக்தி 90 வாட்டிலிருந்து 125 வாட். ஒரே ஒரு மனிதரை வைத்து எல்லோருக்கும் முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் நூறு வயதில் உடல் இனிக் கற்றுக்கொள்ளாது என்று இருந்த நினைப்பை அந்த ஒருவர் உடைத்துவிட்டார்.

2017 ஜனவரியில், 105 வயதில், கடைசியாக அந்த ஒரு மணி நேர ஓட்டம். இவருக்காகவே அந்த வயதுக்கு ஒரு பிரிவை உருவாக்க வேண்டியதாயிற்று. ஓடியது 22.547 கிலோமீட்டர். முடித்துவிட்டு அவர் சொன்னது, கடைசிப் பத்து நிமிடத்துக்கான அறிவிப்புப் பலகையைக் கவனிக்கவில்லை, பார்த்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று! 2021-ல், 109 வயதில் மறைந்தார்.

● ஜுசெப்பே மரினோனி கனடாவில் குடியேறிய இத்தாலியர், சைக்கிள் ஃபிரேம் செய்வதில் பெயர்பெற்றவர். 2012-ல் தன் வயதுப் பிரிவில் ஒரு மணி நேர சாதனை படைத்தார், 35.728 கிலோமீட்டர். 75 வயதில்! ஓட்டியது, பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பந்தய வீரருக்காக அவரே செய்து கொடுத்த சைக்கிள்.

● பிரான்சின் ஜான்னி லோங்கோ 2011-ல் தேசிய டைம் டிரயல் பட்டத்தை வென்றபோது வயது 52.

● தூரம் ஏன் வயதானவர்களுக்குக் கைகொடுக்கிறது? தசை நார்களில் இரண்டு பெரிய வகை. சட்டென்று பாயும் வேக நார்கள், நின்று நிதானமாக உழைக்கும் மெது நார்கள். வயதாகும்போது அதிகம் சுருங்குவது முதல் வகை. அதனால்தான் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்க முடியாதவர், காலையிலிருந்து மாலை வரை அலுக்காமல் மிதிக்கிறார்.

● இயற்பியலும் கிழவர் கட்சிதான்! காற்றை எதிர்த்துப் போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போவதைவிட 30-ல் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 3.4 மடங்கு சக்தி வேண்டும். மெதுவாகப் போகிறவர் காற்றுக்குக் கட்டும் வரி மிகக் குறைவு.

● லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 125 நெடுந்தூர சைக்கிள்காரர்களை ஆராய்ந்தன. வயது 55 முதல் 79. ஆண்கள் 84, பெண்கள் 41. சேர்வதற்கே ஒரு நுழைவுத் தேர்வு: ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ளும், பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும் ஓட்டக்கூடியவர்களாக இருக்க வேண்டும். 2018-ல் முடிவுகள் வந்தன. தசையும் பலமும் வயதோடு கரையவில்லை. கொழுப்பும் கொலஸ்டிராலும் ஏறவில்லை. இதில் ஆச்சரியமில்லை, எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது தைமஸ் சுரப்பியின் கதை. நோயெதிர்ப்புக்கான டி செல்கள் முதிர்வது அங்கேதான். இளமை முடியத் தொடங்கும்போதே அது சுருங்கத் தொடங்கிவிடும். ஆனால் இந்த சைக்கிள்காரர்களுக்கு அது இளைஞர்களுக்கு இணையாக டி செல்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்களில் ஒருவரான நார்மன் லசாரஸும் எண்பதைத் தாண்டிய நெடுந்தூர சைக்கிள்காரர்! ஒரு எச்சரிக்கை: புகைப்பவர்களையும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களையும் ஆய்வில் சேர்க்கவில்லை. சைக்கிள் ஓட்டியதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருந்ததால் சைக்கிள் ஓட்டினார்களா என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

● சைக்கிளால் கிடைக்காத ஒன்றும் உண்டு. எலும்பு பலம்! உடல் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை இல்லை. நடப்பவர்களைவிட சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது உண்டு. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவதோ படியேறுவதோ கட்டாயம்.

● 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்சம் என்பது பிரபலமான கணக்கு. வயதானவர்களுக்கு அது குறைத்தே காட்டும். 2001-ல் வந்த திருத்தம், 208-லிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது. எழுபது வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் 150, புதிய கணக்கில் 159. இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இரண்டுமே உதவாது. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. பேச முடிகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்து ஓட்டுவதே அவர்களுக்குச் சரி.

● பல்லாண்டு கடுமையாக ஓட்டிய நடுவயது, முதிய ஆண்களுக்கு இதய மேலறைத் துடிப்பு ஒழுங்கு தவறும் சிக்கல் சற்று அதிகமாக வருகிறது. படபடப்பு, காரணமில்லாத களைப்பு வந்தால் 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

● வயதானால் தாக உணர்வு மங்கும். உடலில் நீர் குறைந்த பிறகும் நாக்கு கேட்காது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். அதற்காக வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலை சுற்றும். உப்புப் போட்ட மோர் இந்த விஷயத்தில் கடையில் விற்கிற பல பானங்களைவிடப் புத்திசாலி.

● அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரவு ஓட்டத்தில் பேரனுக்கு ஒரு விளக்கு போதுமென்றால் தாத்தாவுக்கு இரண்டு வேண்டும். முன்சக்கர ஹப்பிலேயே டைனமோ வைத்த சைக்கிள்களை மூத்தவர்கள் விரும்புவதில் பழமைப் பாசம் எதுவுமில்லை. விடிய விடிய எரியும், சார்ஜ் தீராது.

● நெடுந்தூரத்தில் பலருக்கும் காலுக்கு முன்னால் கழுத்துதான் மக்கர் செய்யும். கழுத்துத் தசைகள் களைத்து, தலையை நிமிர்த்தவே முடியாமல் தொங்கிப்போவதற்கு 'ஷெர்மர் கழுத்து' என்று பெயர். 1983-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் போட்டியில் மைக்கேல் ஷெர்மருக்கு அப்படி ஆனதால் வந்த பெயர். போலி அறிவியலைத் தோலுரித்துப் புத்தகங்கள் எழுதும் அதே ஷெர்மர்தான்! ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது மருந்தைவிட மேல்.

● உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறதா? ஹேண்டில்பார் அங்கே ஓடும் நரம்பை அழுத்துகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள். சுண்டுவிரல் நாள்கணக்கில் சொன்னபடி கேட்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

● மெத்தை போன்ற அகலமான சீட், கடைத்தெரு வரை சுகம். நூறு கிலோமீட்டர் தாண்டினால் அதுவே எதிரி. உட்காரும் இரண்டு எலும்புகள் தாங்க வேண்டிய எடையை மெத்தை சுற்றியுள்ள சதைக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். உரசல், மரப்பு எல்லாம் அதனால்தான். இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட் 1890-களிலிருந்து ஏறக்குறைய அதே வடிவில் வருவதற்கும், நெடுந்தூரக்காரர்கள் அதை இன்னும் வாங்குவதற்கும் காரணம் இருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டர் பலகை மாதிரி இருக்கும். அப்புறம் உட்காருகிறவரின் அச்சுக்கு இறங்கிவிடும்.

● முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளை ஓரம் கட்டுகிறவர்களில் பலருக்குத் தேவை வைத்தியமல்ல, ஒரு ஸ்பானர். சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் தொடக்க அளவு. நம்மூரில் தரையில் இரண்டு காலையும் ஊன்றும் உயரத்துக்கே சீட்டை இறக்கி வைத்துவிடுகிறோம்.

● முதுகு சரியில்லாதவர்கள் சாய்வு சைக்கிளில் ஓட்டலாம், கால் நீட்டிப் படுத்தபடி. பிரான்சின் ஃபிரான்சிஸ் ஃபோர் 1933-ல் அப்படி ஒரு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நின்றிருந்த சாதனையை உடைத்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அதைச் சைக்கிளே இல்லை என்று ஒதுக்கிவிட்டது. பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸில் அந்தத் தீண்டாமை இல்லை. சாய்வு சைக்கிள், இருவர் சைக்கிள், மூன்று சக்கரம் எல்லாம் வரலாம். மோட்டார் மட்டும் கூடாது.

● மோட்டார் கேவலமா? அதெல்லாம் இல்லை. ஐரோப்பிய விதிப்படி மிதித்தால் மட்டுமே உதவும் மின்சார சைக்கிளின் மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடும். ஏற்றத்தில் இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டு மனைவியோடும் நண்பர்களோடும் சேர்ந்தே போக வழி. பிரெவே அட்டையில் முத்திரைதான் கிடைக்காது.

● கர்ட் சீர்வோகல் என்ற அமெரிக்கர் 2016 ஜனவரியில் முடிந்த ஓராண்டில் ஓட்டிய தூரம் 76,076 மைல். 1939-ல் டாமி காட்வின் போட்ட கணக்கை, 76 ஆண்டுக்குப் பிறகு முறியடித்தார். காட்வின் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். சீர்வோகல் ஐம்பதைத் தாண்டியவர். நாளுக்குச் சராசரி 200 மைலுக்கு மேல், 365 நாளும்!

● இங்கிலாந்தின் ரஸ் மேன்டில் 1952-லிருந்து தான் ஓட்டிய தூரத்தைக் குறித்துவைத்து வந்தார். 2019-ல், 82 வயதில், குறிப்பேடு பத்து லட்சம் மைலைத் தொட்டது. ஏறக்குறைய 16 லட்சம் கிலோமீட்டர். சீர்வோகலின் ஓராண்டு வெறியைவிட இந்த அறுபத்தேழு ஆண்டுப் பழக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

● ஜெர்மனியின் ஹைன்ஸ் ஷ்டுக்கே 1962-ல், 22 வயதில், ஊரைச் சுற்றிப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பினார். சொந்த ஊருக்குத் திரும்பி வந்து தங்கியது 2014-ல், எழுபதைத் தாண்டிய பிறகு. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இடையில் இங்கிலாந்தில் இறங்கிய இடத்தில் சைக்கிள் திருடு போய், செய்தி வெளியான பிறகு திரும்பக் கிடைத்தது.

● பிரிட்டனின் தென்மேற்கு முனை லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனை ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை சைக்கிளில் கடந்த மிக மூத்த பெண் என்று 2019-ல் பெயர் வாங்கியவர் ஸ்காட்லாந்தின் மேவிஸ் பேட்டர்சன். வயது 81. 23 நாள் எடுத்துக்கொண்டார். வளர்ந்த தன் பிள்ளைகள் மூவரையும் நான்கே ஆண்டுக்குள் பறிகொடுத்தவர். அவர்கள் நினைவில் புற்றுநோயாளிகளுக்கான அறக்கட்டளைக்கு நிதி திரட்டவே அந்தப் பயணம்.

● இந்தியாவிலும் பிரெவேக்கள் நடக்கின்றன. ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் சென்னை, கோவை உட்படப் பல நகரங்களில் குழுக்கள் இருக்கின்றன. முத்திரை போட ஆளில்லாத இடங்களில் ஏடிஎம் சீட்டே சாட்சி. கணக்கில் பணமே இல்லாவிட்டாலும் கவலையில்லை, சீட்டில் நேரமும் இடமும் இருந்தால் போதும். ஹெல்மெட்டும் முன் பின் விளக்கும் இல்லாதவரைப் புறப்பட விடமாட்டார்கள்.

● நம்மூர் வெயிலில் வயதானவர் பார்க்க வேண்டியது தூரத்தையல்ல, மணியை. வயதாக ஆக வியர்வைச் சுரப்பிகளின் வேலை குறைகிறது, உடல் சூட்டை வெளியேற்றுவதும் தாமதமாகிறது. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம் கழிந்துவிடும். பகல் உச்சியை மர நிழலிலோ ஓட்டல் பெஞ்சிலோ கழித்துவிட்டுச் சாயங்காலம் தொடர்வதற்குப் பெரும்பாலும் விதியிலேயே நேரம் இருக்கிறது.

● தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்துவிடுங்கள். காஃபின் வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். பயணிகள் நிழற்குடைகளில் ஹெல்மெட்டைத் தலையணையாக வைத்துத் தூங்கும் பிரெவேக்காரர்களைப் பார்த்து யாரும் 108-க்கு போன் போட வேண்டாம்.

● பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. 2019, 2023 இரண்டிலும் தொடக்கம் பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள ரம்பூயே கோட்டை வளாகத்தில். அடுத்த முறை 2027-ல். வயது உச்சவரம்பு எதுவும் கிடையாது. அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில் யார் நீளமான பிரெவே ஓட்டினார்களோ அவர்களுக்கு முதலில் பதிவு திறக்கும். 2026-ல் 200 மட்டும் முடித்தவர், 600 முடித்தவர்களெல்லாம் இடம் பிடித்த பிறகு, மிச்சமிருந்தால்தான் உள்ளே நுழைய முடியும்.